சிறையில் முதல் மூன்று இரவுகள்



ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தைப் பற்றிப் போடியில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்தத் தொழிலாளி ஒருநாள் கைதாகி ரிமாண்ட் ஆன பிறகு அவர் உடம்புக்கு என்ன நேர்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவராக இருந்த காலத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் இது. வெளியே பேசப்படாத விஷயமும் இதுதான். பிள்ளை சிறைக்குப் போய்விட்டான் என்றால் குடும்பம் வாயை மூடிக்கொள்ளும். ஊரும் மூடிக்கொள்ளும். அந்த மௌனத்துக்குள் ஆள் செத்தும் போவதுண்டு.

போடியின் காலைப்பொழுதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியுமுன்னே ஜீப் ஹாரன் கேட்டுவிடும். தூக்குவாளியில் சோறு, மழைக்காலம் என்றால் தலையில் பிளாஸ்டிக் கொங்காணி. முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடியைக் கடந்தால் கேரளம். பூப்பாறை, சாந்தான்பாறை, உடும்பஞ்சோலை என்று ஜீப்புகள் பிரிந்து போகும். பெண்கள் தூரடியில் குனிந்து உட்கார்ந்து காய் எடுப்பார்கள். ஆண்களுக்குக் கவாத்து, குழி வெட்டு, ஸ்டோரில் காய் காயவைக்கும் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக மருந்தடிப்பு. இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. நாள் முழுக்க ஈரம், அட்டைக்கடி, மருந்து நெடி, முதுகுவலி. சாயங்காலம் இறங்கி வரும் ஆண் உடல்வலிக்கு என்று ஒரு கட்டிங்கில் தொடங்குகிறார். சில வருடங்களில் அது குவார்ட்டராகிறது. பிறகு காலையில் எழுந்ததும் ஊற்றினால்தான் கை நிற்கும் என்று ஆகிறது. பெண்கள் வாயில் புகையிலை அடக்குகிறார்கள். பசியையும் அது அடக்குகிறது.

இதே மலைக்குக் கஞ்சாவின் கதையும் உண்டு. 1980களிலும் 90களிலும் வருசநாடு, மேகமலைக் காடுகளுக்குள்ளும், எல்லைக்கு அப்பால் இடுக்கி மலைகளிலும் கஞ்சாத் தோட்டங்கள் இருந்தன. அங்கே தண்ணீர் பாய்ச்சவும் காவல் இருக்கவும் கூலிக்குப் போனவர்கள் நம் பக்கத்து ஏழைகள். தோட்டம் போட்டவர் யார் என்பது பல வழக்குகளில் வெளியே வரவே இல்லை. காவல்துறையும் வனத்துறையும் வேட்டையாடி அந்தத் தோட்டங்களை அழித்தன. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, ரயிலிலும் பேருந்திலும் ஏறி இங்கே வருவது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை 'கஞ்சா வேட்டை' நடவடிக்கையைத் தொடங்கி, அடுத்தடுத்த கட்டங்களாக நடத்தியது. கைதுகள் பெருகின. அதில் தவறு காண நான் வரவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் பொட்டலம் போய்ச் சேருவதைப் பார்த்தவன் நான். பதின்ம வயதில் தொடங்கினால் மனநோய்க்கு வாய்ப்பு கூடுகிறது என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகமில்லை.

ஆனால் உள்ளே போகிறவர் யார் என்று பாருங்கள். சுமப்பவர், சில்லறை விற்பவர், புகைப்பவர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை எடை போட்டுத் தண்டிக்கிறது. ஒரு கிலோ வரை இருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது. இருபதாண்டு வரை போகலாம். ஜாமீன் கிடைப்பதும் அரிது. போதாக்குறைக்கு 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே அது, போதைப்பொருள் குற்றவாளியை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க அனுமதிக்கிறது. பெரிய வழக்குகள் மதுரையில் உள்ள போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றங்களுக்குப் போகின்றன. ஆண்கள் மதுரை மத்திய சிறைக்கு. பெண்கள் பலர் நிலக்கோட்டைப் பெண்கள் சிறைக்கு. போடியில் இருக்கும் கிழவி பேரனை மனு பார்க்க வேண்டும் என்றால், அதாவது சிறையில் போய்ச் சந்திக்க வேண்டும் என்றால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போக வேண்டும். ஒருநாள் கூலியும் போகும், வண்டிச் செலவும் ஆகும்.

இனி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் சொல்ல மாட்டேன்.

கிளைச்சிறை ஒன்றிலிருந்து ராத்திரி நேரத்தில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். மலையில் மருந்தடிக்கிறவர். வீட்டில் கஞ்சாப் பொட்டலங்கள் இருந்ததாக வழக்கு. ரிமாண்ட் ஆகி அது மூன்றாவது இரவு. உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், விரல்கள் ஒரு நொடி நிற்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி வலது கையை இடமும் வலமுமாக ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தார். இடது கையால் பின்னாலிருந்து எதையோ இழுத்து இழுத்து விட்டார். "ஓஸை விடுறா, ஓஸை விடு, மேட்டுல எட்டல" என்று யாரையோ அதட்டினார். மருந்தடிக்கும்போது நீளமான ஓஸைப் பின்னால் நின்று ஒருவர் இழுத்துக் கொடுப்பார் இல்லையா, அவரைத்தான் அதட்டுகிறார். சிறைக் கம்பளி அவருக்கு ஏலத்தோட்டமாகத் தெரிகிறது.

உடன் வந்த வார்டர், "நேத்துல இருந்தே இப்படித்தான் சார். ஜாமீனுக்கு நடிக்கிறான்" என்றார். அவர் கொடூரமான மனிதர் கிடையாது. தண்ணீர் கொடுத்து, தன் துண்டால் முகத்தைத் துடைத்துக் கூட்டி வந்தவர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அவர் கையில் இருந்த தாளில் 'கஞ்சா பழக்கம் உள்ளவர்' என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கஞ்சாவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சாவை நிறுத்தினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். இப்படி ஆளையே கொல்லும் நிலைக்குக் கொண்டுபோகாது.

மலையில் வேலை பார்க்கிறவருக்கு வியர்வையும் நடுக்கமும் இருந்தால் இங்குள்ள மருத்துவர் முதலில் பூச்சிமருந்து நஞ்சை நினைப்பார். நானும் கண்பாவையைப் பார்த்தேன். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்து ஏறியிருந்தால் கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும், வாயில் எச்சில் வழியும். இவருக்குக் கண்பாவை விரிந்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது. வாசலில் நின்ற மனைவியை உள்ளே கூப்பிட்டேன். "சார், கஞ்சாவெல்லாம் அவுக எப்பவாவதுதான். பிராந்திதான் தெனமும். காலையில வாய் கொப்புளிக்கிறதே அதுலதான்" என்றார். கைதான நேரத்திலிருந்து அந்த அம்மா பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் சிறை வாசலிலும் நின்றிருக்கிறார். ஒருவரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் சன்னி அது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் சன்னி. இல்லாதது தெரியும், இருக்கும் இடம் மறக்கும். பார்த்த தொழிலையே கைகள் திரும்பச் செய்யும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகும். அதிகம் குடிக்கிறவருக்கு வைட்டமின் பி1 உடம்பில் வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகக் கெடலாம். அதனால் முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். கூடவே டயசெபாம் வகை மருந்தை அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். இரண்டும் மலிவான மருந்துகள், அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைப்பவை. சொகுசு ஆஸ்பத்திரியோ மேல்நாட்டுக் கருவியோ தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம் சிறை வாசலில் ஒரு கேள்வி: கடைசியாக எப்போது குடித்தாய்?

அவர் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் காலையில் கண் விழித்து, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார்.

சிறை வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற சட்டம் புதிதாக வர வேண்டியதில்லை. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், உள்ளே வரும் ஒவ்வொரு குற்றவியல் கைதியையும் மருத்துவ அலுவலரின் ஆணைப்படி சோதிக்க வேண்டும், உடல்நிலையையும் காயங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 24ஆம் பிரிவில் சொல்கிறது. 130 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. கிளைச்சிறைகளில் முழுநேர மருத்துவர் இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அவருக்கு வெளிநோயாளிகள் கூட்டம், பிரசவம், பிரேதப் பரிசோதனை என்று ஆயிரம் வேலை. ரிமாண்டுக்கு முன் தகுதிச் சான்று வாங்கக் கூட்டி வருவதும் பெரும்பாலும் இரவில்தான். வெளிக்காயம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு அந்தச் சோதனை முடிந்துவிடுகிறது. கை நடுங்குகிறதா என்று விரல்களை நீட்டச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் படிவத்தில் இல்லை.

அதே 1894இல் இன்னொரு பெரிய ஆவணமும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசு 1893இல் அமைத்த கஞ்சா விசாரணை ஆணையத்தின் அறிக்கை. கஞ்சா குடித்துப் பைத்தியம் பிடித்தவர்களால் மனநல விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்று அன்றைக்கு இங்கிலாந்தில் பேச்சு. ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. 1892இல் விடுதிகளில் சேர்ந்தவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துருவியது. கஞ்சாவால் பைத்தியம் என்று எழுதப்பட்டிருந்தவை 222. விசாரித்துப் பார்த்தபோது, வேறு காரணங்களும் கலந்தவற்றைச் சேர்த்தே 98தான் தேறின. மீதி எப்படி வந்தது? ஆளைப் பிடித்துக் கொண்டுவந்த போலீஸ்காரர் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் கஞ்சா என்று எழுதிவிடுவார். அதுவே மருத்துவப் பதிவேட்டுக்கும் அரசாங்கப் புள்ளிவிவரத்துக்கும் போய்விடும். ஓஸை இழுக்கச் சொன்ன அந்த மனிதரோடு வந்த தாளைப் பார்த்தபோது எனக்கு இந்த அறிக்கைதான் ஞாபகம் வந்தது. அந்த ஆணையத்தின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அளவாகப் புகைத்தால் பெரிய தீங்கில்லை என்று அவர்கள் சொன்னது அந்தக் காலத்துக் கஞ்சாவையும் அந்தக் காலத்து அறிவையும் வைத்துச் சொன்னது. ஆனால் படிவத்தை நம்பாமல் ஆளைப் போய்ப் பார்த்தார்களே, அந்த வேலை இன்றைக்கும் பாடம்.

நம் காலத்திலும் அப்படி ஆளைப் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பரப்பன அக்ரஹாரத்தில் உள்ள மத்திய சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் அறிக்கை வெளியிட்டார்கள். மனநோயோ, போதைப் பழக்கம் சார்ந்த நோயோ, இரண்டுமோ இருந்தவர்கள் 79.6 சதவீதம். போதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநோய். நூற்றில் எண்பது பேர் நோயாளிகள் என்றால் அந்த இடத்துக்குச் சிறை என்று மட்டும் பெயர் வைத்து எப்படி நடத்துவது? சிறைக்குள் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த பாதையிலேயே நோய் இருந்திருக்கிறது. அதை வெளியே யாரும் கவனிக்கவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறது. மற்ற 37 பேரை யார் முதலில் சந்திக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பல நேரம் காவல் நிலையம்தான்.

உள்ளே போனால் போதை நின்றுவிடும் என்று தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. "உள்ள போனாலாவது திருந்துவான் சார்." ஆனால் உலகச் சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிறைக்குள் இருக்கும்போதே ஒருமுறையாவது போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று ஐக்கிய நாடுகளின் போதை மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிடுகிறது. நம் சிறைகளிலும் மதிலுக்கு மேலே பொட்டலம் வந்து விழுகிறது. மனு பார்க்க வருகிறவர் கொண்டுவரும் பொருளில் ஒளிந்து வருகிறது. சிறைக்குள் பீடிக்கட்டு காசுக்குச் சமம். வெளியே வெறும் பிராந்தியோடு நின்றவர் உள்ளே மாத்திரைப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இளைஞர்களிடம் இருக்கிறது. ஊசி ஒன்று, கைகள் பல என்றால் எச்.ஐ.வியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்தே வரும். 2021 தேசியக் கண்காணிப்பின்படி இந்தியச் சிறைவாசிகளிடம் எச்.ஐ.வி 1.93 சதவீதம். பொதுமக்களில் 0.21. ஒன்பது மடங்கு. ஹெபடைடிஸ் சி இப்போது 12 வார மாத்திரையில் குணமாகும் நோய். 2018 முதல் அரசே இலவசமாகத் தருகிறது. சிறையில் மூன்று மாதம் இருப்பவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்து முடித்தே வெளியே அனுப்பிவிடலாம்.

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை. உலக அளவில் சிறைவாசிகளிடம் அது பொதுமக்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. நெருக்கமான படுக்கை, காற்றோட்டமில்லாத அறை, ஊட்டமில்லாத உடம்பு, குடித்துத் தேய்ந்த எதிர்ப்புச் சக்தி. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். தமிழ்நாடு இந்த விஷயத்தில் மேல். மொத்தக் கொள்ளளவைத் தாண்டவில்லை. அதனால் இங்கே இடம் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. மலையிலிருந்து இறங்கும் தொழிலாளி காசநோய் மாத்திரை தின்றுகொண்டிருக்கும்போதே கைதாவார். மாத்திரை வீட்டு அலமாரியில் கிடக்கும். சிறையில் கேட்க மாட்டார்கள், அவரும் பயத்தில் சொல்ல மாட்டார். ஆறு மாதச் சிகிச்சை நடுவில் அறுந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது திரும்பும். அவரோடு மட்டும் போகாது, பக்கத்தில் படுத்தவருக்கும் போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளுக்கும் இதே கதி. சொறி சிரங்கு, பல்வலி என்று இன்னும் அடுக்கலாம், நேரமில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புருஷன் உள்ளே போனபின் வக்கீல் செலவுக்கு என்று மனைவி அதே பொட்டலத்தைச் சுமக்கத் தொடங்கும் குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. வியாபாரம் செய்கிறவர்களுக்கும் அது வசதி. பெண்ணைச் சோதிக்கத் தயங்குவார்கள் என்ற எண்ணம். அவள் பிடிபட்டு நிலக்கோட்டைக்குப் போகும்போது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கூடவே போகலாம். ஆறு வயது முடிந்தால் பாட்டியிடம் நிற்க வேண்டும். அந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் போதைப் பழக்கம் கிடையாது. ரத்தசோகையும் தூக்கமின்மையும் பிள்ளை நினைப்பும்தான். 2022இல் நாடு முழுவதும் சிறைகளில் ஆணும் பெண்ணுமாக 1,995 பேர் இறந்தார்கள், அவர்களில் 119 பேர் தற்கொலை. முதல் சில நாட்களில் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தத் தற்கொலைகளில் சில நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. சிறை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும், மாநிலத்தில் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல மருத்துவமனை அமைக்க வேண்டும் என்கிறது. ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, வெளியே ஒரு குடிமகனுக்குக் கிடைக்கும் அதே தரத்துச் சிகிச்சை உள்ளேயும் கிடைக்க வேண்டும், உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அது அறுபடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. திகார் சிறையில் 2008இலேயே அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கினார்கள். உள்ளே முடியாது என்பவர்களுக்கு அது பதில்.

வழக்கறிஞர் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய அடிமை நோயாளி தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். 39ஆம் பிரிவு, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், உடனே தண்டனை விதிக்காமல், சிகிச்சைக்காகப் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நான் பார்த்தவரையில் இந்த மனுக்களைப் போடுகிறவர்கள் மிக அரிது. கட்சிக்காரர் பணம் இல்லாதவர், மனுவுக்கு மருத்துவச் சான்று வேண்டும், சான்று தர மருத்துவர் தயங்குகிறார் என்று ஒவ்வொரு படியிலும் நின்றுவிடுகிறது. போடியில் பத்து வழக்கறிஞர்கள் சேர்ந்து இதை எடுத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் இந்த ஊரின் வழக்குக் கட்டுகளே வேறு மாதிரி இருக்கும். ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்காக 2023இல் மத்திய அரசு ஒரு நிதித் திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று அப்போது வரம்பு வைத்தார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை மையமும் தூரத்தில் இல்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1980இல், சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய குழு பிறகு டெல்டாவில் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய், ஊர்ப் பொது இடத்தில் முகாம் போட்டு, குடிநோயாளிகளை அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தது. ஊர்க்காரர்களே சமைத்துப் போட்டார்கள், குடும்பங்களும் உட்கார்ந்து கேட்டன. ஊர் பொறுப்பெடுத்துக்கொண்டால் குடித்தவர் மறுபடி கடைப்பக்கம் போகும்போது நாலு பேர் கேட்பார்கள். ஏலக்காய் குறைந்து மலையில் வேலை இல்லாத மாதங்களில் போடியிலும் தேவாரத்திலும் இப்படி முகாம் நடத்த முடியும். தோட்ட முதலாளிகளும் ஏலக்காய் வியாபாரிகளும் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் உங்கள் காய் கிலோவுக்கு என்ன விலை போகிறது என்பதில் அந்த மருந்தடிப்பவரின் உடம்பும் சேர்ந்திருக்கிறது. முகாம் செலவை உங்களிடம் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை.

விடுதலையாகும் நாளையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. முதல் இரண்டு வாரத்தில் அவர்களுடைய சாவு அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. காரணங்களில் முதலாவது அளவுக்கு மீறிய போதை. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே போடுவார்கள். ஊசியும் மாத்திரையும் பரவும் நம் ஊருக்கும் இது எச்சரிக்கை. சிறை வாசலில் மாலையோடு நிற்கும் கூட்டாளிகள் நேராக டாஸ்மாக்குக்குக் கூட்டிப்போவதைத் தடுக்க அன்றைக்குக் குடும்பத்தில் ஒருவராவது போய் நிற்க வேண்டும். கையில் ஒரு மருந்துச் சீட்டும், அடுத்து எந்த மருத்துவமனைக்கு எந்தத் தேதியில் போக வேண்டும் என்ற தாளும் இல்லாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்று சிறைத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசாங்கம் செய்ய வேண்டியவற்றுக்கு நாள் ஆகலாம். அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் யாரையாவது போலீஸ் கூட்டிப்போனால், வக்கீலைத் தேடி ஓடும் அந்த நேரத்திலேயே ஒரு தாளை எடுங்கள். அவர் தினமும் குடிப்பாரா, கடைசியாக எந்த நாள் எந்த நேரம் குடித்தார், வேறு என்ன போதைப் பழக்கம், முன்பு வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், காசநோய்ச் சிகிச்சை நடக்கிறதா, இவ்வளவையும் தமிழில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மூன்று பிரதி எடுத்து ஒன்றைச் சான்று தரும் மருத்துவரிடமும், ஒன்றை மாஜிஸ்திரேட்டிடமும், ஒன்றைச் சிறை அலுவலரிடமும் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குடிப்பழக்கத்தைச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சந்தேகம் வந்தால் போதைக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416, இரண்டுக்கும் கட்டணமில்லை. இந்த எண்களை இன்றைக்கே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஜீப் டிரைவர்கள் தங்கள் வண்டியில் ஒட்டி வைத்தால் மலை முழுக்கப் போய்ச் சேரும்.